நாவலரசி வை.மு. கோதைநாயகி அம்மாள்

காஞ்சி மாநகருக்கு மேற்கே, வேலூர் நெடுஞ்சாலையை ஒட்டிச் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த திருத்தலம் திருப்புட்குழி. வைதேகியை மீட்கப் போராடி உயிர்நீத்த சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் என்பது இவ்வூரின் தலவரலாறு. புள்ளின் குழி என்பதே ஊர்ப்பெயரின் பொருள். இளம்பருவத்து இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றதும் இவ்வூரிலேதான் என்பர். மரகதவல்லித் தாயார் திருவருளால் வறுத்த பயறும் முளைவிடும் என்ற நம்பிக்கையோடு மகப்பேறு வேண்டும் மகளிர் இங்கு வருவது நெடுங்கால வழக்கம்.

வறுத்த பயறு முளைப்பது போன்றதொரு வாழ்க்கை காஞ்சிச் சீமையின் இலக்கிய வரலாற்றிலும் உண்டு. காஞ்சியை அடுத்த நீர்வளூரைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தின் வாயிலை மிதியாமல், ஐந்தரை வயதில் மணமாகி, எழுதுகோல் பிடித்துப் பழகாத பருவத்திலேயே நூலாசிரியராகி, 115 நாவல்களைத் தமிழுக்குத் தந்தவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். அவர் எழுதிய முதல் நாவலின் பெயர் 'வைதேகி'. துப்பறியும் கதையைத் தமிழில் எழுதத் துணிந்த முதற் பெண்களுள் ஒருவர் அவர். 35 ஆண்டுகள் மாத இதழ் ஒன்றைத் தம் பொறுப்பில் நடத்தியவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். இன்று அவர் பெயரைச் சொல்வோர் பெரும்பாலும் 115 என்னும் எண்ணிக்கையைச் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் பணி அதனினும் பெரிது. படிக்கவே கூடாது என்று வைக்கப்பட்டிருந்த பெண்களை அடுத்த மாதம் என்ன நேருமோ என்று ஏங்க வைத்து, அந்த ஏக்கத்தின் வழியே அச்செழுத்தின் பக்கம் அழைத்து வந்தவர் அவர்.

தோற்றமும் வளர்ப்பும்

கோதைநாயகி 1901ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் வேங்கடாச்சாரியார், பட்டம்மாள் தம்பதியரின் மகளாகப் பிறந்தார். பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் தாயை இழந்தார். பாட்டி வேதவல்லியும், சிற்றப்பா திருவேங்கடாச்சாரியாரும், அவர்தம் மனைவி கனகம்மாளும் அக்குழந்தையை வளர்த்தனர். தாய்முகம் அறியாத அக்குழந்தைக்குத் தாலாட்டும் புராணக் கதையும் திருவாய்மொழிப் பாசுரமும் செவிவழி வந்து சேர்ந்தன. அக்காலத்து வைணவ அந்தணர் இல்லங்களில் ஆண்பிள்ளைகளுக்குப் பாடமாக அமைந்தவை பெண்பிள்ளைகளுக்குக் கேள்வியாகவே கிடைத்தன. கேட்டதை மறவாத நினைவாற்றல் அவருக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. இனிய குரலும் உடன் வாய்த்தது.

1907இல் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த வை.மு. பார்த்தசாரதிக்கு அவரை மணம் முடித்தனர். மணமகளுக்கு வயது ஐந்தரை, மணமகனுக்கு ஒன்பது. பெண்ணின் மணவயது 14க்குக் குறையக் கூடாது என்று விதித்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி 1930இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இருபதாண்டுகட்கு முன் இத்தகைய மணங்கள் எவரும் வியவாத நடைமுறையாக இருந்தன. இளமணத்தின் கொடுமை குறித்துப் பின்னாளில் எத்தனையோ பேர் எழுதினர். அந்த மணத்தைத் தாமே கண்டு வாழ்ந்து எழுதியவர் மிகச் சிலர்.

புகுந்த வீடு

இளமணம் எத்தனையோ சிறுமியரின் வாழ்வை முடக்கியது. கோதைநாயகிக்கு அமைந்த புகுந்த வீடோ அவர் வாழ்வைத் திறந்துவிட்டது. வை.மு. என்ற எழுத்துகள் வைத்தமாநிதி முடும்பை என்பதன் சுருக்கம். தமிழ்ப் புலமைக்குப் பேர்பெற்ற குடும்பம் அது. கம்பராமாயணம் முதலிய பேரிலக்கியங்களுக்கு உரை கண்ட வை.மு. கோபாலகிருஷ்ணமாசாரியார் அக்குடும்பத்தவரே. உரையாசிரியர்களின் வீட்டில் அடியெடுத்து வைத்த சிறுமிக்கு நூல்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. மாமியார் அவரைக் கடிந்தொதுக்கவில்லை. தெலுங்கு கற்றுக்கொள்ளவும் துணை நின்றார். கணவரோ மனைவியை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார்.

நாடகம் அந்நாளில் சென்னையின் பெரும் பொழுதுபோக்கு. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை படித்தவர்களை மேடைக்கு இழுத்துக்கொண்டிருந்த காலம். கண்டதைக் கண்டவாறே நெஞ்சிற் பதித்துக்கொண்டு வீடு திரும்புவார் கோதைநாயகி. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் மாலைப் பொழுதில் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். பழங்கதையைச் சொல்லத் தொடங்கி, அது தீர்ந்ததும் தாமே புதுக்கதை புனைந்து சொல்லுவார். அவருடைய கற்பனை முதன்முதல் அரங்கேறியது இக்குழந்தைகளின் முன்னிலையில்தான். முடிச்சைப் போட்டுவிட்டுக் குழந்தைகளை மறுநாள் வரச் சொல்லும் கலை, பின்னாளில் மாத இதழின் தொடர்கதைக்குக் கைகொடுத்தது.

சொல்ல ஒருவர், எழுத ஒருவர்

நாடகம் பார்த்த ஆர்வத்தில் தாமும் ஒரு நாடகம் புனைய வேண்டும் என்ற விருப்பம் அவருக்கு எழுந்தது. கதை உள்ளத்தில் இருந்தது. உரையாடல் நாவில் இருந்தது. எழுதும் பழக்கம் கையில் இல்லை. அவருடைய தோழி பட்டம்மாள் அருகில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினார். அவ்வாறு உருவான 'இந்திரமோகனா' என்னும் நாடகம் 1924இல் அச்சேறியது. பத்திரிகைகள் அதனைப் பாராட்டின. எழுதத் தெரியாத ஒரு பெண்ணும் எழுதித் தந்த மற்றொரு பெண்ணும் சேர்ந்து ஒரு நூலாசிரியரை உருவாக்கினர். தமிழ் எழுத்துலகின் வரலாற்றில் பட்டம்மாளின் பங்கு ஒரு வரியில் அடங்குவது. எனினும் அந்த ஒரு வரி இல்லையேல் ஏனைய பக்கங்கள் இல்லை. அத்தோழியின் துணையோடு கோதைநாயகி எழுதவும் பழகிக்கொண்டார்.

சொல்லி எழுதுவித்த தொடக்கம் அவர் நடையில் நிலையான அடையாளம் ஒன்றை விட்டுச் சென்றது. அவருடைய நாவல்களில் வருணனையைவிட உரையாடலே மிகுதி. மாந்தர்கள் வீட்டுத் தமிழில் பேசுகிறார்கள். பேச்சின் போக்கிலேயே கதை நகர்கிறது. புலவர் நடைக்குப் பழகிய கண்ணுக்கு இது குறையாகப் பட்டிருக்கலாம். ஒருத்தி உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்கும் கூடத்திற்கோ இதைவிடப் பொருத்தமான நடை இல்லை.

மர்மக் கதையின் காலம்

அவர் எழுத வந்தபோது தமிழ் நாவல் எந்த நிலையில் இருந்தது என்பதை அறிந்தால்தான் அவருடைய பணியின் அளவு விளங்கும். பண்டித நடேச சாஸ்திரியார் 1894இல் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்துத் தமிழில் துப்பறியும் கதைக்கு வழி திறந்தார். ஜே.ஆர். ரங்கராஜு 1908இல் வெளியிட்ட 'ராஜாம்பாள்' வழியே துப்பறியும் கோவிந்தனை வீடுதோறும் அறிமுகம் செய்தார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில மர்மக் கதைகளைத் தமிழ் மண்ணுக்கு ஏற்பத் தழுவி எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியார் என்னும் துறவிக் கோலத்துத் துப்பறிவாளரைப் படைத்து, 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்' முதலிய நாவல்களால் பெரும் புகழ் ஈட்டினார். ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் செல்வாக்கு அந்தத் தலைமுறை முழுவதிலும் படர்ந்திருந்தது. மறைந்த உயில், மாறுவேடம், கடத்தப்பட்ட பெண், பொய்க் கடிதம், நள்ளிரவுப் பயணம் ஆகியவை அந்நாவல்களின் உறுப்புகள்.

இந்நால்வரும் ஆடவர். அவர்களுடைய கதைகளில் துன்புறுபவள் பெரும்பாலும் பெண். துன்பத்தைத் துடைப்பவன் ஆண். கதையைப் படித்துக் கண்ணீர் வடித்தவர்களில் மகளிர் இருந்தனர், எழுதியவர்களில் இல்லை. அந்த வரிசைக்குள் திருவல்லிக்கேணியிலிருந்து இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருவர் அடியெடுத்து வைத்தார்.

வடுவூராரும் அப்போது திருவல்லிக்கேணியில் வாழ்ந்தவர். 'மனோரஞ்சனி' என்ற இதழின் வாயிலாகத் தம் நாவல்களை வெளியிட்டுவந்தவர். அவருடைய ஊக்கமும் ஆலோசனையும் கோதைநாயகியின் எழுத்துக்குத் தொடக்கத்தில் துணையாயின. நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்னும் மாத இதழை 1925இல் கோதைநாயகி விலைக்கு வாங்கி, தாமே ஆசிரியராக இருந்து நடத்தத் தொடங்கினார். அவ்விதழில் 'வைதேகி' தொடராக வெளிவந்தது. தொடர்ந்து 'பத்மசுந்தரன்', 'சண்பகவிஜயம்', 'ராதாமணி', 'கௌரிமுகுந்தன்', 'நவநீதகிருஷ்ணன்' என ஆண்டுக்கு ஒன்றிரண்டாக நாவல்கள் வளர்ந்தன. 1930ஆம் ஆண்டளவில் அவர் பெயர் தமிழ் படிக்கும் வீடுகளில் பழகிய பெயராகிவிட்டது.

ஜகன்மோகினி

ஆனந்த விகடன் தோன்றியது 1926இல்; மணிக்கொடி தோன்றியது 1933இல்; கல்கி தோன்றியது 1941இல். இவற்றுக்கெல்லாம் முன்னதாகவே ஜகன்மோகினி அவர் கைக்கு வந்துவிட்டது. பெண்களுக்கான தமிழ் இதழ்கள் அதற்கு முன்னும் இருந்தன. பாரதியார் 1905 முதல் சில காலம் ஆசிரியராக இருந்த 'சக்கரவர்த்தினி' அவற்றுள் ஒன்று. எனினும் ஒரு பெண் தம் பொருளைக் கொண்டு, தம் பெயரில், தம் எழுத்தையே முதலாக வைத்து மூன்றரை ஆண்டன்று, முப்பத்தைந்து ஆண்டு இதழ் நடத்தியது தமிழகத்தில் அதற்கு முன் நிகழாத செயல்.

அதற்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. பெண் எழுதுவதே பிழை என்று எண்ணியவர்கள் இருந்தனர். குடும்பப் பெண் ஒருத்தி கதை எழுதி விற்பதைக் குலத்துக்கு இழுக்கு என்று பேசியவர்களும் இருந்தனர். கணவர் பார்த்தசாரதி இவற்றுக்குச் செவிகொடுக்கவில்லை. இதழின் அலுவலையும் கணக்கையும் அச்சுப் பணியையும் அவர் பகிர்ந்துகொண்டார். கோதைநாயகி அம்மாளோ அந்த ஏச்சுக்கு விடை எழுதிப் பொழுதைப் போக்காமல் அடுத்த அத்தியாயத்தை எழுதினார்.

சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஐவர்கூட இல்லாத காலம் அது. இந்நிலையில் ஒரு பெண்கள் இதழுக்கு வாசகர் எங்கிருந்து வருவர்? படித்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும், ஏனையோர் கேட்டனர். கேட்ட கதையின் மேல் எழுந்த ஆவல் சிலரை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தூண்டியது. பிறர் படித்துச் சொல்லும் வரை காத்திருக்கப் பொறாத உள்ளம் தானே படிக்கப் பழகுகிறது. இந்த இடத்தில்தான் மர்மக் கதை வெறும் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடக்கிறது. அறிவுரை நூல்கள் அடைய முடியாத அடுப்பங்கரையை அது அடைந்தது. முடிச்சவிழும் ஆவலில் படிக்க வந்தவளுக்கு, விதவையின் துயரும், வரதட்சிணைக் கொடுமையும், குடிப்பழக்கத்தால் சிதையும் குடும்பமும், பெண்கல்வியின் தேவையும் கதையோடு கதையாகப் போய்ச் சேர்ந்தன. 1930களில் அவருடைய நாவல்களில் துப்பறியும் சுவை மெல்லக் குறைந்து, குடும்பமும் சமூகச் சீர்திருத்தமும் நாட்டுப்பற்றும் முன்னிடம் பெற்றன. ஆயினும் முதலில் கற்ற முடிச்சிடும் கலையை அவர் இறுதி வரை கைவிடவில்லை.

கதரும் சிறையும்

1925இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது அவரைச் சந்திக்கும் பேறு கோதைநாயகி அம்மாளுக்குக் கிட்டியது. அம்புஜம்மாள், ருக்மிணி லட்சுமிபதி முதலிய காங்கிரஸ் மகளிரின் நட்பும் வாய்த்தது. அச்சந்திப்புக்குப் பின் அவர் கதர் உடுத்தினார், நகைகளைத் துறந்தார். பட்டுத்தறியின் ஓசை வீதிதோறும் கேட்கும் காஞ்சிச் சீமையின் மகள், திருமண நாளிலும் திருவிழா நாளிலும் பட்டே பெண்ணுக்குப் பெருமை என்று கருதிய குடும்பங்களின் நடுவே, முரட்டுக் கதரை உடுத்துக்கொண்டு மேடை ஏறினார்.

அவர் மேடைப் பேச்சு புகழ்பெற்றது. தம் கதைகளில் வருவது போன்ற சிறு நிகழ்ச்சிகளைக் கோத்துப் பேசுவார்; இடையிடையே பாடுவார். தீரர் சத்தியமூர்த்தி போன்ற பெரும்பேச்சாளர்கள் கலந்துகொண்ட கூட்டங்களில் அவரும் பேசினார். கதையைக் கேட்க வந்த பெண்கள் விடுதலையைப் பற்றியும் கேட்டுச் சென்றனர்.

1931இல் கள்ளுக்கடை மறியலிலும், 1932இல் அன்னியத் துணிப் புறக்கணிப்பிலும் ஈடுபட்ட அவர் சிறைத்தண்டனை பெற்றார். திருப்புட்குழியைக் கடந்து செல்லும் அதே நெடுஞ்சாலையின் மறுமுனையில் உள்ள வேலூர்ச் சிறை அவருக்கு உறைவிடமாயிற்று. இதழ் ஒரு மாதமும் நின்றுபோகாதவாறு கணவர் வெளியிலிருந்து நடத்தினார். உள்ளே இருந்தவரின் எழுதுகோலும் ஓயவில்லை. 'உத்தமசீலன்', 'சோதனையின் கொடுமை' ஆகிய நாவல்கள் அவருடைய சிறைவாழ்வின் பயன்கள். வீட்டுக் கூடத்தில் கதை சொல்லத் தொடங்கிய பெண் சிறைக் கொட்டடியில் நாவல் எழுதினார் என்பது, இருபதாண்டுக்குள் தமிழ்ப்பெண் எவ்வளவு தொலைவு நடந்திருந்தாள் என்பதற்கு ஒரு சான்று.

இசையும் திரையும்

இசையில் அவருக்கிருந்த பயிற்சி எழுத்துக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத் தக்கது. குடும்பப் பெண்கள் மேடையேறிப் பாடுவது தகாது என்றிருந்த நாளில் அவர் பொதுமேடைகளில் பாடினார். தம்மோடு நில்லாமல் இளம் பெண்களையும் ஊக்கினார். காஞ்சிபுரத்தில் 1919இல் பிறந்த டி.கே. பட்டம்மாள் மேடையேறத் துணைநின்றவர்களுள் கோதைநாயகி அம்மாளும் ஒருவர். மகளின் குரல் வீட்டுக்கு வெளியே கேட்கலாகாது என்று தயங்கும் பெற்றோரிடம், அதே குலத்தில் பிறந்து மேடையேறிய ஒரு பெண் வந்து பேசும் சொல்லுக்கு இருந்த வலிமை வேறு எவர் சொல்லுக்கும் இருந்திருக்க இயலாது.

பேசும்படம் வந்தபோது அது கதை தேடி நாவலாசிரியர்களின் கதவைத் தட்டியது. வடுவூராரின் 'மேனகா' 1935இல் படமாயிற்று. கோதைநாயகி அம்மாளின் 'ராஜ்மோகன்' 1937இலும் 'அனாதைப் பெண்' 1938இலும் திரைக்கு வந்தன. புராணக் கதைகளே பெரிதும் படமாகிவந்த நாளில், சமகாலக் குடும்பக் கதைக்குத் திரையில் இடம் தேடித் தந்தவற்றுள் இவையும் அடங்கும். பின்னாளில் திரைப்படத் தணிக்கைக் குழுவிலும் பத்தாண்டு அளவுக்கு அவர் பணியாற்றினார்.

இறுதி ஆண்டுகள்

இரண்டாம் உலகப் போரின்போது தாளுக்கு நேர்ந்த தட்டுப்பாடு சிற்றிதழ், பேரிதழ் என்று பாராமல் எல்லாவற்றையும் வாட்டியது. சென்னை நகரைவிட்டு மக்கள் வெளியேறிய காலம் அது. ஜகன்மோகினியும் அந்த நெருக்கடியைக் கண்டது, தாங்கியும் நின்றது. நாடு விடுதலை பெற்று, 1948இல் காந்தியடிகள் மறைந்த பின் அவர் பெயரால் மகாத்மாஜி சேவா சங்கம் என்ற அமைப்பை நிறுவி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவும் பணிகளைக் கோதைநாயகி அம்மாள் மேற்கொண்டார். விடுதலைக்குப் பின் பதவியைத் தேடிச் சென்றவர் பலர். அவர் தேடியது பணியை.

1956இல் அவருடைய ஒரே மகன் சீனிவாசன் இறந்தார். தாயை இழந்து வளர்ந்தவருக்கு மகனையும் இழக்க நேர்ந்தது. கதையில் எத்தனையோ தாய்மாரின் துயரை எழுதி ஆற்றியவர் தம் துயரை ஆற்ற வழியறியாமல் தளர்ந்தார். உடல் நலிந்தது, காசநோய் பற்றியது. தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த அவர், 1960ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. முப்பத்தைந்து ஆண்டுகள் அவரோடு மூச்சுவிட்ட ஜகன்மோகினியின் வாழ்வும் அவரோடு முடிந்தது.

மறைந்து ஆறாண்டுகளுக்குப் பின், 1966இல், அவருடைய நாவலைத் தழுவிக் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய 'சித்தி' திரைப்படம் வெளிவந்தது. பத்மினி தலைமைப் பாத்திரமேற்ற அப்படம் பெருவெற்றி பெற்றது. தாயற்ற குழந்தைகளுக்குச் சிற்றன்னையாகும் பெண்ணின் கதை அது. ஓராண்டு நிறைவதற்குள் தாயை இழந்து, சிற்றப்பாவின் மனைவி கையில் வளர்ந்தவர் ஆசிரியர் என்பதை அறிந்து படம் பார்த்தவர் எத்தனை பேரோ! படத்தைக் கொண்டாடிய கூட்டத்தில் பலருக்குக் கதையாசிரியரின் பெயரே நினைவில் இல்லை.

மதிப்பீடு

கோதைநாயகி அம்மாளை இலக்கியத் திறனாய்வாளர் பெரிதாக எண்ணியதில்லை. மணிக்கொடித் தலைமுறை எழுந்து, சிறுகதையும் நாவலும் கலைவடிவங்களாக வளரத் தொடங்கியபோது, தழுவலும் பரபரப்பும் நிறைந்த முந்தைய நாவல்கள் ஒட்டுமொத்தமாக ஒதுக்கப்பட்டன. ஆரணியாரும் ரங்கராஜுவும் வடுவூராரும் சென்ற வழியிலேயே அவரும் ஒதுக்கப்பட்டார். அந்த ஒதுக்கலில் நியாயம் சிறிதும் இல்லை என்று சொல்வதற்கில்லை. அவருடைய நாவல்களில் தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி. நல்லவர் முற்றும் நல்லவராகவும் தீயவர் முற்றும் தீயவராகவும் அமைந்துவிடுகின்றனர். அறம் கடைசி அத்தியாயத்தில் தவறாமல் வெல்கிறது. ஆசிரியரின் அறிவுரை மாந்தரின் வாயில் அடிக்கடி வந்து அமர்கிறது. மாதந்தோறும் இதழை நிரப்ப வேண்டிய கட்டாயம் திருத்தி எழுதும் ஓய்வை அவருக்குத் தரவில்லை.

ஆயினும் கலையின் அளவுகோல் ஒன்றைக் கொண்டே ஒரு காலத்தை அளந்துவிட முடியாது. நல்ல நாவல் தோன்ற நல்ல நாவலாசிரியர் மட்டும் போதாது. நாவல் படிக்கும் மக்கள் வேண்டும். அம்மக்களில் பாதிப் பேர் எழுத்தறியாமல் வீட்டுக்குள் இருந்தனர். அவர்களைப் படிக்கும் மக்களாக ஆக்கியவர்களின் வரிசையில் கோதைநாயகி அம்மாளுக்கு முதன்மையான இடம் உண்டு. அவர்தம் வாசகிகளின் மகளிரும் பெயர்த்திகளும் பின்வந்த வார இதழ்களின் தொடர்கதைகளைப் படித்தனர். அநுத்தமாவையும் லட்சுமியையும் ராஜம் கிருஷ்ணனையும் படித்தனர். பெண் எழுதுவது வியப்புக்குரிய செய்தியாக இல்லாத ஒரு காலத்தில் அவர்கள் எழுத வந்ததற்கு, அந்த வியப்பையும் வசையையும் முன்னரே தம்மீது ஏற்றுக்கொண்ட ஒருவர் இருந்தார் என்பதை மறத்தல் தகாது.

அவருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியுள்ளது. நாட்டுடைமை என்பது மரியாதை மட்டுமன்று, பொறுப்பும் ஆகும். எவரும் பதிப்பிக்கலாம் என்ற உரிமை, எவரும் பதிப்பிக்காமல் விட்டுவிடும் நிலையாக முடிந்துவிடக் கூடாது. ஜகன்மோகினியின் பழைய இதழ்கள் நைந்த தாளில் அச்சானவை, தொட்டால் உதிர்பவை. நாவல்கள் பலவற்றின் முதற்பதிப்புகள் அரிய நூல்களாகிவிட்டன. அவை கரைந்து போனால் கரைவது 115 கதைகள் மட்டும் அல்ல. ஒரு தலைமுறைத் தமிழ்ப் பெண்கள் எதைக் கேட்டு அழுதனர், எதற்கு அஞ்சினர், எதை விரும்பினர் என்பதை அவர்கள் மொழியிலேயே பதிந்து வைத்த ஆவணமும் கரைந்துபோகும்.

நீர்வளூரும் திருப்புட்குழியும் காஞ்சியின் கிழக்கிலும் மேற்கிலும் அமைந்த சிற்றூர்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரு மணி நேரப் பயணம்கூட ஆகாது. காஞ்சிச் சீமையின் நூலகங்களிலும் பெண்கள் பள்ளிகளிலும் 'வைதேகி' ஒரு படியேனும் இருக்க வேண்டும். பள்ளி செல்லாத ஒரு பெண் சொல்ல, தோழி ஒருத்தி எழுதத் தொடங்கிய கதை வரலாறு அது. பள்ளிக்குச் செல்லும் பெண் குழந்தைகள் அதனைக் கையில் எடுத்துப் படிக்கும் நாளில்தான் கோதைநாயகி அம்மாளின் பணி நிறைவு பெறும்.